வெண்ணெயாகிப் போன கிரீம்

அப்பா லீவில் வரும்போதெல்லாம் அம்மா புதிதாக ஏதாவது ஒரு பண்டம் கற்றுவைத்திருப்பாள். அந்த வருஷம் அது காப்பி கப் கேக். மார்த்தாண்டத்தில் ஒரு அக்கா நடத்திய வகுப்புக்குப் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டது. அப்பா சவுதியில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை வந்து இறங்குவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அவருக்குக் கேக் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் காப்பி இல்லாமல் இருக்கமாட்டார். கேக்குக்குள் காப்பியை வைத்துவிட்டால் மனிதர் எப்படித் தப்பிப்பார் என்பது அம்மாவின் திட்டம். அவர் வருவதற்குள் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும் என்று திங்கட்கிழமை மத்தியானம் அடுப்படியில் இறங்கினாள். எனக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் அடைத்திருந்தது.

திருவட்டாறு பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. ஆள் நடமாட்டம் குறைவு. அம்மா சர்க்கரையை மிக்சியில் பொடித்து வெண்ணெயோடு குழைத்தாள். முட்டை ஊற்றினாள். சூடான பாலில் காப்பித்தூளைத் தாராளமாகப் போட்டுக் கரைத்தாள். மைதா சலிக்கும் வேலை எனக்கு. சலித்ததில் பாதி தரையில் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அன்று அவள் சிரித்துக்கொண்டே துடைத்தாள். காகிதக் கிண்ணங்களில் மாவை ஊற்றி ஓவனுக்குள் வைத்ததும் நான் அதன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். நாகர்கோவிலில் பெயின்ட் கடை வைத்திருந்தார். கடை நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் எனக்கு ஒரு பொட்டலம் இருக்கும். அன்று கை வெறுமையாக இருந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

“என்னண்ணே, கடையப் போட்டுட்டு இந்நேரத்துல?”

“சும்மாதான்.”

“மயினி ஏதும் சொன்னாவளா?”

மாமி ஒன்றும் சொல்லவில்லை என்று மாமா தலையை ஆட்டினார். தண்ணீர் கேட்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அப்பாவைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டது. “நேத்து ராத்திரி பேசினாவ. பெட்டியெல்லாம் கட்டியாச்சாம். இன்னைக்குக் காலத்த கூப்பிடல்ல. கடைகடையா அலையுதாவளா இருக்கும். பிள்ளைக்கு லைட்டு எரியுத ஷூ வேணுமாம், கேட்டியா?”

“ம்” என்றார் மாமா.

“சும்மா நிக்கியதுக்கு இந்தக் கிரீமக் கொஞ்சம் அடிச்சுத் தாயேன். எனக்குக் கை கடுக்குது.”

கிரீம் அடிக்கிற மிஷின் எங்களிடம் இல்லை. அப்பா கொண்டுவருகிற பெட்டியில் அது இருந்தது. அம்மா ஒரு பாத்திரத்தில் ஐஸ்கட்டிகளைக் கொட்டி, அதன் மேல் கிரீம் பாத்திரத்தை வைத்து, முட்டை அடிக்கிற கம்பியை மாமா கையில் கொடுத்தாள். அடுப்படி வேலை எதுவும் தெரியாத மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார்.

ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த அம்மாவின் போன் அடித்தது. மாமா வேகமாக எழுந்து அதை எடுத்துப் பார்த்தார். அணைத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“யாரு, அவியளா?”

“இல்ல. போன் கம்பெனிக்காரன்.”

வீடு முழுக்கக் காப்பி மணம் வந்துவிட்டது. அம்மா ஓவனைத் திறந்து ஒரு கேக்கில் ஈர்க்கைக் குத்தி எடுத்தாள். மாவு ஒட்டவில்லை. முகம் மலர்ந்துபோயிற்று. அந்தத் தட்டை வெளியே எடுத்துவிட்டு அடுத்த தட்டை உள்ளே வைத்தாள். திரும்பி மாமாவிடம், “போதும் அண்ணே, கெட்டியாயிட்டு” என்றாள்.

மாமா நிறுத்தவில்லை.

“அண்ணே, போதும்.”

“இன்னும் கொஞ்சம், மக்கா.”

அவர் நெற்றியில் இருந்து வியர்வை சொட்டியது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கம்பி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளையாக நுரைத்து நின்ற கிரீம் மஞ்சளாகத் திரிந்து, குறுணை குறுணையாகி, கடைசியில் தண்ணீர் தனியாகவும் வெண்ணெய் தனியாகவும் பிரிந்தது. அதற்குப் பிறகும் அடித்தார். நான் கைகொட்டிச் சிரித்தேன். “அம்மா, மாமா கிரீமக் கெடுத்துப் போட்டாவ.”

அம்மா சலித்துக்கொண்டே வந்து பாத்திரத்தைப் பிடுங்கினாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

“எனக்க போன நீ எதுக்கு அண்ணே வச்சிருக்க?”

மாமா தரையைப் பார்த்தார். “மச்சான் ராத்திரி படுத்ததுதான். காலத்த எந்திரிக்கல்ல, மக்கா” என்றார்.

அம்மா அழவில்லை. குனிந்து ஓவனை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்தாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் முற்றத்தில் நாற்காலிகள் வந்துவிட்டன. சர்ச்சில் இருந்து சபைப் பெண்கள் வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். முதல் தட்டுக் கேக்குகளை வந்திருந்த பிள்ளைகளுக்கு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். கிரீம் இல்லாமலே நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு தின்றேன். மிச்சம் இருந்ததை ஒரு டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அப்பாவுக்கென்று செய்ததை ஊர்ப்பிள்ளைகள் தின்று தீர்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

மாமாவுக்குக் காலையிலேயே, கடை திறக்கும்போதே செய்தி வந்துவிட்டதாம். பல வருஷம் கழித்து ஒரு நாள் அவராகச் சொன்னார். “வழியெல்லாம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துட்டுதான் வந்தேன். வந்தா அவ சிரிச்சிக்கிட்டு நிக்கியா. நான் எப்பிடிச் சொல்லுவேன்.”

அப்பா இறந்துவிட்டார் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். விமானத்தில் வருகிறார் என்பதும் என் காதில் விழுந்திருந்தது. இந்த இரண்டு செய்திகளும் எனக்குள் முட்டிக்கொள்ளவே இல்லை. இறந்தவர்கள் கொஞ்சம் தாமதமாக வருவார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என்னை உறுத்தியது வேறொன்று.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மாமாவிடம், “எப்பம் வரும்?” என்று கேட்டார்கள். “பேப்பர் செரியாவணும். வெள்ளியோ சனியோ வரும்” என்று மாமாவும் சொன்னார். எங்கள் வீட்டில் பஸ் வரும், மழை வரும், பக்கத்து வீட்டுப் பசு வரும். அப்பாவை அப்படி யாரும் சொன்னதில்லை. பெரியவர்கள், அதுவும் இத்தனை பேர், ஒருவர் விடாமல் தப்பாகச் சொல்கிறார்களே என்றிருந்தது.

“‘வரும்’னு இல்ல மாமா. ‘வருவாவ’” என்றேன்.

மாமா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்தார். “ஆமா மக்கா. வருவாவ” என்றார்.

தப்பைத் திருத்திவிட்ட சந்தோஷத்தோடு நான் அடுப்படிக்குப் போய், டப்பாவில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன்.