பாவாயி சிரிக்கவில்லை

அன்று காலை என் மூத்த மகள் பாவாயி பாடம் ஒப்பிக்கும்போது பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தாள். இதயத்தின் எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு இரத்தம் போகிறது என்று கேட்டேன். பல்லைத் திறக்காமலே ஏதோ முனகினாள். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, புருவம் மேலேறி, என்னைப் பார்த்து இளிப்பது போல இருந்தது. வாயைத் திறந்து சொல் என்றேன். மறுபடியும் அதே இளிப்பு. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன்.

முகம் மாறவில்லை. கண்ணீர் வழிந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இப்படிக் கிடக்க, அதனால் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது சிரிப்பு அல்ல. முகத்துத் தசைகள் இறுகி உதட்டை இழுக்கின்றன. தனுர்வாதம் (உடம்பை வில் போல வளைத்து இறுக்கும் நோய்) பெரும்பாலும் தாடையில்தான் தொடங்குகிறது. எனக்கு அது தெரியாது. பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான்.

சேலத்தில் எட்டாவது வரை படித்தேன். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் இல்லை. பதினொரு வயது பாவாயிக்கும் எட்டு வயது செல்லாயிக்கும் நானே பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கைவிட, என் பழைய சுகாதாரப் புத்தகத்தில் இருந்த உடம்புப் பாடம்தான் அவர்களுக்குப் பிடித்தது.

என் கணவரின் அண்ணனுக்கு அது பெரிய கேலி. "பொட்டப் புள்ளைங்களுக்கு ஈரல் எங்கிருக்குதுன்னு தெரிஞ்சு என்னாகப் போவுது அம்மிணி? கொழம்புல கெடந்தாத் தெரியாதா?" என்பார்.

குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டிய மறுவாரம், எருக்குழியில் கொட்டியிருந்த எலும்புகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். படத்தில் பார்த்த மூட்டு எப்படிப் பொருந்துகிறது என்று கையில் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. இருவரும் எருவுக்குள் கையை விட்டுத் தேடினார்கள். உடைந்த தொடையெலும்பின் கூர் ஒன்று பாவாயியின் வலது கைப் பெருவிரல் மேட்டில் ஏறியது. பிடுங்கி எறிந்தேன். தண்ணீர் ஊற்றினேன்.

"டாக்டருகிட்டக் காட்டீர்லாமா புள்ள?" என்று என் கணவர் கேட்டார். இத்தனூண்டு குத்துக்கா என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தக் காயத்தையும் பாடமாக்கினேன். இரத்தம் உறைவதைக் காட்டினேன். நான்காம் நாள் தோல் மூடியதும் அவள் கையை விரித்துச் செல்லாயியிடம், "பாரு கண்ணு, ஒரு மருந்தும் இல்லாம ஒடம்பே கதவைச் சாத்திக்கிச்சு" என்றேன். பாவாயி பெருமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள்தான் அந்தச் சிரிப்பு வந்தது.

மதியத்துக்குள் கழுத்து விறைத்துவிட்டது. யாரோ செம்பைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் முதல் இழுப்பு (தசைகள் தாமாகவே இறுகும் வேகம்) வந்தது. முதுகு தரையை விட்டு எழும்பியது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட்டன. பல்லுக்கு நடுவில் மாட்டிய நாக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. வயிற்றைத் தொட்டேன். பலகை. இந்த நோயில் நினைவு தப்பாது. கண் திறந்தபடி அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது இசிவு, சூடு வைத்தால் இறங்கும் என்றார் கணவரின் அண்ணன். எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு இழுப்பு வந்தால் வயிற்றில் சூடு வைப்பது வழக்கம். சூடு வைக்கிற ஆள் வந்தான். கம்பி பழுத்தது. புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அவள் கால்களைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

தொப்புளுக்குக் கீழே மூன்று கோடுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இழுப்பு. அவளால் கத்தக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. பூட்டிய பல்லுக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. மூன்றாவது கோட்டில் அவளுடைய கால் உதறி என் வாயில் பட்டு உதடு கிழிந்தது.

நான்காவதுக்குக் கம்பியை அடுப்பில் செருகினான். என் கணவர் அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தார். அவர் உள்ளங்கை வெந்துபோனது.

"உடுங்கண்ணா, போதும். செத்தாலுஞ் சேலத்துல சாகட்டும்."

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. நாமக்கல்லில் பஸ் மாறினோம். அவள் வளைந்ததைப் பார்த்து, பேய் பிடித்த பிள்ளை என்று நான்கு பேர் இறங்கிக்கொண்டார்கள். சத்தம் ஆகாது என்று என் கணவர் டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். சேலம் வரை அந்த மனிதர் ஹாரனைத் தொடவில்லை. ஆடு மாடு குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிக் கையை வீசினார். ஆனால் ரோட்டை அவரால் என்ன செய்ய முடியும்? பள்ளத்துக்குப் பள்ளம் அவள் வளைந்தாள். ராசிபுரம் தாண்டிய பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் வயிற்றைத்தான் பார்த்தார்.

"யார் சூடு வெச்சது?"

"நாங்கதாங்க."

"படிச்சவங்களா?"

"ஆமாங்க."

எங்காவது காயம் உண்டா என்றார். கையில் ஒரு குத்து, அது ஆறிவிட்டது என்றேன். அவர் பாவாயியின் கையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். மயக்க மருந்து கொடுத்து, மூடியிருந்த தோலைக் கீறினார். ஒரு சொட்டுச் சீழ். அதோடு அரிசிக் குருணை அளவில் ஒரு கறுத்த எலும்புத் துண்டு.

"மேலே மூடிடுச்சும்மா. உள்ளே அழுக்கு அப்படியே இருந்திருக்கு. இந்தக் கிருமி எருவுலயும் மண்ணுலயும் இருக்கும். காத்துப் படாத இடத்துலதான் வளரும். காயம் திறந்து, சுத்தமா இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

பிழைப்பாளா என்று என் கணவர்தான் கேட்டார்.

"பத்து நாள் தாண்டட்டும். அப்புறம் கேளுங்க."

சீரம் (நோய் எதிர்ப்புக் கொண்ட குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்துநீர்) ஊசியாகப் போட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாலும், குளோரலும் (தூங்கவைத்து இழுப்பைக் குறைக்கும் மருந்து) ஊற்றினார்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். வெளிச்சம், சத்தம், தொடுதல் மூன்றும் கூடாது.

என் கண்ணாடி வளையல் உரசியதில் ஓர் இழுப்பு வந்தது. மெட்டி கல்தரையில் தட்டியதில் இன்னொன்று. புருஷன் உயிரோடு இருக்கையில் இரண்டையும் கழற்றுவதா என்று தயங்கி நின்றேன். அவரே குனிந்து என் கால்விரலில் இருந்த மெட்டிகளை உருவினார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வேட்டி முனையில் முடிந்துகொண்டார்.

பிறகு அவளிடம் பேசிப் பார்த்தேன். "சாமி, அம்மா இருக்கறேன்" என்றேன். என் குரலுக்கும் வளைந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு ஓயாமல் பேசிப் பாடம் சொன்னவள், அதன்பின் அந்த அறையில் வாய் திறக்கவில்லை.

ஆறாம் நாள் வந்த இழுப்பில் அவள் முதுகில் ஏதோ முறிவது காதில் விழுந்தது. மூச்சு நின்று முகம் நீலமாகியது. நர்ஸ் நெஞ்சை அழுத்தினாள். மூச்சு திரும்பியது. அன்று நான் சாமியிடம் அவளைக் கேட்கவில்லை. சீக்கிரம் முடித்துவிடு என்று கேட்டேன். இதை எந்தத் தாயாவது படித்தால், அப்படிக் கேட்டது தான் ஒருத்தி மட்டும் அல்ல என்று தெரிந்துகொள்ளட்டும்.

பதினோராம் நாளிலிருந்து இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒன்றுமே வரவில்லை. டாக்டர் அவள் பல்லுக்கு நடுவே தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, நுழைகிறது என்றார். ஐந்தாவது வாரம் சுவரைப் பிடித்து நடந்தாள். முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளை அவளுடைய தசைகளே நசுக்கியிருந்தன. ஒரு விரற்கடை குட்டையாகத்தான் வீட்டுக்குத் திரும்பினாள். மேல்முதுகில் சின்னக் கூன்.

இனிமேல் பாடமும் கீடமும் வேண்டாம் என்று கணவரின் அண்ணன் சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

ஒருநாள் பாவாயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்கம்மா, என் ஒடம்புல என்ன நடந்துச்சுங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பு, எரு, நான் கதவு என்று சொன்ன தோல், சூடு. யார் கால்களைப் பிடித்தது என்பதையும் சொன்னேன்.

"தெரியுமுங்க. பாத்துட்டுத்தான இருந்தேன்." பிறகு, "நீங்க அறைஞ்சீங்களே, அதுதான் ரொம்ப நாள் மனசுல இருந்துச்சுங்க. நான் சிரிக்கலீங்கன்னு சொல்லோணும்னு பாத்தேனுங்க. வாய் தொறக்க வல்லீங்க" என்றாள்.

மறுநாள் நானே பாய் விரித்தேன். கணவரின் அண்ணன் எங்களைத் தாண்டிப் போனார். காயத்திலிருந்து தொடங்கினேன். எப்படிக் கழுவ வேண்டும், எதை மூடக்கூடாது, எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும். தெரியாதது வந்தால் தெரியாது என்கிறேன். அது அடிக்கடி வருகிறது.

உடம்பை இப்போது நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒரு தசை இறுகுவதில் எனக்கு வியப்பில்லை. அது தளர்வதுதான் வியப்பு. பாடத்தின் நடுவில் பாவாயிக்குச் சில நாள் கொட்டாவி வரும். தாடை மெல்ல இறங்கி, அகலத் திறந்து, உள்நாக்கு வரை தெரியும். முன்பானால் தலையில் குட்டியிருப்பேன். இப்போது நிறுத்திவிட்டு, வாய் தானாக மூடும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.