குண்டனின் வால்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒரு வால் அறுந்தது. அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. எழுதினால் இறங்குமா என்று பார்ப்போம்...

வால் குண்டனுடையது. குண்டன், சிட்னியில் லிட்கம் பகுதியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் குடியிருக்கும் பல்லி. மகன் வளர்த்தது. மெல்போர்னில் வேலை கிடைத்ததும், "அம்மா, கொஞ்ச நாளைக்குப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தக் கொஞ்ச நாள் எப்போதோ முடிந்துவிட்டது. லைசென்ஸ்கூட இப்போது என் பெயரில்தான் — ஆம், இங்கே பல்லி வளர்க்க லைசென்ஸ் வேண்டும்!

பல்லியைக் கண்டால் விரட்டத் தும்புத்தடி எடுத்த கை இது. இப்போது அதே கை கிரிக்கெட் பூச்சியைக் கல்சியம் தூளில் பிரட்டி, இடுக்கியால் பிடித்து ஊட்டுகிறது.

அவனுக்கு அழகே அந்த வால்தான். கரட் மாதிரிப் பருத்து, நுனியில் கூர்ந்திருக்கும். சாப்பாடு கிடைக்காத காலத்துக்கான கொழுப்பையெல்லாம் அதில்தான் சேர்த்து வைப்பான். குண்டன் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என் கணவரின் பழைய நண்பர் யோகன் அண்ணை, அவர் மனைவி ராஜி அக்கா, அவர்கள் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கார்த்திக். கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான பி.ஆர். விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பவர்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் வந்து உட்கார்ந்தோம். "உனக்கு இந்த வருசம் கட்டாயம் பி.ஆர். வரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே யோகன் அண்ணை தொட்டியின் மூடிமேல் பொத்தென்று கையை ஊன்றினார்.

உள்ளேயிருந்து குண்டன் குரைத்தான்.

நிஜமாகவே குரைப்பான். இந்த இனத்துப் பல்லி பயந்துவிட்டால் நாலு காலையும் நிமிர்த்தி, வாயைப் பிளந்து, சின்னதாக ஒரு குரை குரைக்கும். 'கிட்ட வராதே' என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்கள் அதோடு விடுவார்களா?

"பல்லி சொல்லிப்போட்டுது" என்றார் ராஜி அக்கா. விரலை மடக்கிக் கதிரையின் கைப்பிடியில் மூன்று தட்டும் தட்டினார்.

"அக்கா, அது பயத்தில கத்துது."

"நீ சும்மா இரு பிள்ளை. சிட்னிக்கு வந்ததுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு பல்லி சொல்லிக் கேட்டனான்."

அதோடு என் ஹால் சோதிட நிலையமாகிவிட்டது. ராஜி அக்கா மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார். "என்ர மகளுக்கு இந்த வருசம் வீடு சரிவருமோ?" குரைத்தான். "அவள் விரும்பின இடத்திலயோ?" குரைத்தான். கார்த்திக்கும் கூச்சத்தோடு எழுந்து வந்தார்.

"ஆன்ட்டி, நானும் ஒண்ணு கேட்டுக்கட்டுமா?"

"உங்களுக்குத்தான் சொல்லியாச்சே."

"தேதி கேக்கணும் ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும்தான்! நான் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணி போட எழுந்து போனார். போனவர் சீனி எங்கே என்று குசினியிலிருந்து கூப்பிட்டார். "இனித் தட்டாதேங்கோ" என்று சொல்லிவிட்டு நானும் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டியின் மூடி திறந்திருந்தது. யோகன் அண்ணை தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குரைத்துக் களைத்துப்போன குண்டனிடம் பதில் இல்லை. "எனக்கு மட்டும் சொல்லமாட்டியோ?" என்றபடி அவர் உள்ளே கை விட்டு, வாலைப் பிடித்து —

வால் அவர் கையோடு வந்துவிட்டது. அது துடித்த துடிப்பில் பயந்து, வீசி எறிந்தார். ராஜி அக்காவின் மடியில் போய் விழுந்தது. குண்டன் மரப்பட்டைக்கு அடியில் ஓடி ஒளிந்துவிட்டான்.

"வெறும் பல்லிதானே தங்கச்சி. வால் திரும்ப முளைக்கும்" என்றார் யோகன் அண்ணை.

"முளைக்கும் அண்ணை. நீங்கள் இவ்வளவு காலம் வேலை செய்து பென்சனுக்கெண்டு சேர்த்த சூப்பர் காசை ஆரும் பறிச்சுக்கொண்டு ஓடினா, 'திரும்பச் சேரும்' எண்டு நான் சொல்லட்டோ?"

தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

மிருக வைத்தியர், "மணலை எடுத்துவிட்டு பேப்பர் டவல் விரியுங்கள், சூடு குறையாமல் பாருங்கள், தொடாதீர்கள்" என்றார். எல்லாம் செய்தேன். ஆனால் அவன் சாப்பிடவில்லை. பூச்சி மூக்குக்கு முன்னால் நடந்து போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. சேமிப்பும் போய், சாப்பாடும் இல்லையென்றால் எத்தனை நாள் தாங்குவான்?

செவ்வாய்க்கிழமை ராஜி அக்கா எனக்குப் போன் எடுத்தார். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன்.

"பிள்ளை, பல்லி தலையில விழுந்தா, தோளில விழுந்தா என்ன பலன் எண்டு கலண்டர்ல கிடக்கு. வால் மட்டும் மடியில விழுந்தா ஒண்டும் இல்லை. ஊருக்கும் போன் எடுத்துக் கேட்டனான், அவைக்கும் தெரியேல்லை. நீ வளர்க்கிறனி, உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"என்ன பலன்?"

"கொஞ்சக் காலத்துக்கு எங்கட வீட்டுப் பக்கம் வரக்கூடாது."

போனை வைத்துவிட்டேன். அவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! ஒரு உயிர் வாயைத் திறந்தால், அது நம்மைப் பற்றித்தான் பேசுகிறது என்று எப்படி நினைக்கிறோம்? நம் வீடு, நம் விசா, நம் முழங்கால்... அதற்கென்று சொந்தமாக ஒரு பயம் இருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கார்த்திக் வந்தார். கையில் பெட் ஷாப்பில் வாங்கிய கிரிக்கெட் பூச்சி டப்பா.

"சாப்பிடுறானா ஆன்ட்டி?"

இந்த வாரம் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"உங்கட பி.ஆர்.?"

"இன்னும் வரல. அவன்கிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க... என்னைச் சொல்லணும்."

தொட்டியிலிருந்து தள்ளி, தரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு பூச்சியை உள்ளே விட்டேன். இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மரப்பட்டைக்கு அடியிலிருந்து மெல்ல ஒரு தலை வந்தது. நின்றது. பார்த்தது. ஒரே பாய்ச்சல்!

"பயந்து சத்தம் எதுவும் போடலையே ஆன்ட்டி?" என்றார் கார்த்திக், மெதுவாக.

"இல்லை."

சாப்பிட மட்டும்தான் வாயைத் திறந்தான். என் வீட்டில் நல்ல சகுனம் என்றால் இனி அது ஒன்றுதான்.