முப்பத்தைந்துக்குக் கீழே ஜோத்பூர்

சனிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வானிலை ப்ராஜெக்டுகளை மேசையில் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘உனக்குப் பிடித்த ஒரு நகரத்தின் வானிலையை ஒரு வாரம் கவனித்து எழுது’ என்பதுதான் கொடுத்த வேலை. பிள்ளைகள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. பள்ளிக்கு எதிரே இருக்கிற பிரின்ட் கடைக்காரர் கவனித்திருக்கிறார். பாதிக்கு மேல் லண்டன். எல்லா லண்டனிலும் ஒரே மேகம், ஒரே குடை, ஒரே எழுத்துப் பிழை. நியாயமாகப் பார்த்தால் மார்க் அந்த மனிதருக்குத்தான் போட வேண்டும்.

கோபப்படக்கூட இப்போதெல்லாம் தெம்பு இல்லை. காலையில் முழங்கால் வலி, மாலையில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் பாடம். முப்பது வருஷமாக மைசூரின் நாலைந்து பள்ளிகளில் சாக்பீஸ் தூளைச் சுவாசித்துவிட்டு, இப்போது தொட்டால் எழுதும் பலகைக்கு முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அது பாதி நாள் தொட்டாலும் எழுதுவதில்லை. நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளக்கூடும்.

லாமினேஷன் செய்த தாளுக்கு ஒரு வாசனை உண்டு, சூடான பிளாஸ்டிக்கும் பசையும் கலந்தது. அதை முகர்ந்துகொண்டே புரட்டும்போது, சம்பந்தமே இல்லாமல், ஈரச் செய்தித்தாள் வாசனை ஞாபகத்துக்கு வந்தது. லஷ்கர் மொஹல்லா பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடப் பள்ளியில்தான் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜூன் மாதத்தில் அங்கே எல்லாமே ஈரமாக இருக்கும். பிள்ளைகளின் பை, பெஞ்சு, என் புடவைக் கரை, ஆசிரியர் அறைக்கு வரும் செய்தித்தாள் எல்லாமே. பி.எட். முடித்த சூடு ஆறவில்லை. ஒரு வருஷம் கொடுத்தால் வகுப்பு முழுவதையும் விஞ்ஞானிகளாக்கி விடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அந்த வயதில் ஏதாவது நினைத்திருப்பீர்கள்.

வானிலைப் பாடத்துக்கு நான் கண்டுபிடித்த வழி சுலபமானது. ஆளுக்கு ஒரு ஊர். செய்தித்தாளில் நேற்றைய வெப்பநிலை என்று ஒரு சின்னக் கட்டம் வரும். காலையில் ஒவ்வொருவரும் தன் ஊருக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பார்த்து வந்து கரும்பலகையின் ஓரத்தில் எழுத வேண்டும். ஒரே சிக்கல், அந்தக் கட்டம் கிரிக்கெட் பக்கத்தின் பின்புறம் வரும். பி.டி. மாஸ்டர் ஸ்கோர் பார்த்து முடிக்கிறவரை எங்களுக்கு இந்தியாவில் வெயில் எவ்வளவு என்று தெரியாது. அவர் பேப்பரை விரித்துப் பிடித்துப் படிப்பார். பிள்ளைகள் எதிரே குனிந்து நின்றுகொண்டு பின்பக்கத்தைப் படிப்பார்கள்.

ஒரு வாரத்தில் வகுப்பு களைகட்டியது. எனக்கு ஒரே பெருமை. பிறகுதான் காரணம் தெரிந்தது. அவர்கள் அந்த எண்களை மார்க் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அதற்குக் கீழே ஃபெயில். சென்னை பாஸ். நாக்பூர் ஃபர்ஸ்ட் கிளாஸ். நாங்கள் இருந்த மைசூரே தினமும் ஃபெயில். சிம்லாவை வைத்திருந்த மஞ்சு என்கிற பையன், பாவம், இருபத்தைந்தைத் தாண்டவே வழியில்லாமல், ஊரை மாற்றிக் கொடுக்கச் சொல்லி என் பின்னாலேயே சுற்றினான்.

“வெயில் மார்க் இல்லடா” என்று கன்னடத்தில், இங்கிலீஷில், படம் போட்டு எல்லாம் விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டினார்கள். மறுநாள் காலையில் ஜோத்பூருக்குக் கைதட்டினார்கள். நாற்பத்தொன்று, அன்றைக்கு அதுதான் வகுப்பிலேயே முதல்.

ஜோத்பூரைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் ஜெசிந்தா. அவள் அம்மா அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஏதோ பாண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது முடிகிறவரை சர்ட்டிபிகேட்டுகள் அவர்களிடம்தான் இருக்கும், நீண்ட லீவும் கிடையாது. அப்பா அந்தோணி தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ராமாபுரத்துக்காரர், மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு பின்னல் எப்போதும் காதுக்கு மேலேயும் இன்னொன்று காதுக்குக் கீழேயும் இருக்கும். துணியை அவ்வளவு நேராக வெட்டுகிற மனிதருக்கு வகிடு மட்டும் நேராக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள்.

பின்னல் என்றதும் எங்கள் தலைமையாசிரியை நினைவுக்கு வருகிறார். அவருக்குப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னல் கோணலாக இருந்தால் ஆகாது. அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. மாதப் பரீட்சையில் ஃபெயில் ஆன பிள்ளை மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அப்பா செல்லாது. “அப்பாக்கள் படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க, அம்மான்னா நின்னு கேப்பா” என்பார். அதனால் மாதத்தில் ஒரு நாள் பள்ளி வாசலில் பூ விற்கிறவர்களும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களுமாக அம்மாக்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். எப்படி வருவார்கள், எங்கிருந்து வருவார்கள் என்றெல்லாம் யோசிக்கிற வழக்கம் அங்கே இல்லை. ஃபெயில் என்றால் அம்மா வந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் ஒரு நாள் பலகையைப் பார்த்தால் ஜோத்பூர் முப்பத்துநாலு. நான் கவனிக்கவில்லை, மஞ்சுதான் எழுந்து கத்தினான். “சுள்ளு மிஸ், சுள்ளு!” பொய், பொய் என்கிறான். தன் ஊரைத் தவிர மற்ற எல்லா ஊரையும் அவன் சரிபார்ப்பான். பேப்பரில் நாற்பது என்று போட்டிருந்தது.

ஜெசிந்தாவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். வகுப்பு கன்னடத்தில் நடந்தாலும் அவளும் நானும் மெதுவாகப் பேசுவதென்றால் தமிழ்தான்.

“ஏன்டா கண்ணு கொறச்சு எழுதின?”

சாக்பீஸ் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

“தெரியாம எழுதிட்டியா?”

“இல்ல மிஸ். தெரிஞ்சுதான் எழுதினேன்.” பிறகு இன்னும் மெதுவாக, “ஃபெயில் ஆனா அம்மாவக் கூட்டிட்டு வரணும்ல மிஸ்?” என்றாள்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஃபெயில் ஆனது ஜோத்பூர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியதும் ஜோத்பூர்தான். பி.எட்.டில் இதற்குப் பாடம் இல்லை. அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். “அதுக்கு நீயே பரீட்சையில ஃபெயில் ஆகியிருக்கலாமே?”

“அது முடியாது மிஸ். ஃபெயில் ஆக மாட்டேன்னு அம்மாகிட்ட போன்ல சத்தியம் பண்ணிருக்கேன்.”

போய் உட்காரச் சொன்னேன். பலகையைத் திருத்தவில்லை. மறுநாளும் முப்பத்துநாலு, அதற்கு மறுநாள் பயம் போய் முப்பத்திரண்டு. மஞ்சுவிடம் அந்த ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாயை அடைத்தேன். ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியை பலகையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். “ஜோத்பூர்ல இவ்வளவு கம்மியா?”

“மழை மேடம்” என்றேன். ராஜஸ்தானத்துக்கு நான் கொடுத்த மழை அது. ஜெசிந்தாவோ தினமும் இடைவேளையில் கேட் பக்கமாகப் போய் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வகுப்பில் நிற்க முடியவில்லை. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அந்தோணி கழுத்தில் அளவு டேப்போடு, தூறலில் நனைந்தபடி வந்தார். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டேன் என்றார்.

“புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சுங்களா டீச்சர்?”

சொன்னேன். பலகையையும் காட்டினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“பொய் எழுதற புள்ள இல்லீங்க அது.”

“தெரியும்ங்க.”

“ராத்திரியில கேக்குதுங்க, அம்மா எப்ப வரும்னு. வருமுங்கறேன். வேற என்னத்தச் சொல்லட்டும்? அவ லீவு கேட்டா, பாண்டு முடியட்டும்ங்கறாங்க. எனக்கு இங்க கடை இருக்குதுங்க. நாலு எடத்துல பேர் சொல்லித் தேடி வர்றாங்க. அதான் அவ முடிச்சிட்டு வரட்டும்னு நானும் கெடந்தேன்.” டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார். “தையல் மிஷின எங்க போட்டாலும் தைக்குமுங்களே டீச்சர்” என்றார். அது என்னிடம் சொன்னதில்லை.

தசரா லீவுக்கு முந்தின நாள் அப்பாவும் மகளும் டி.சி. வாங்க வந்தார்கள், ஜோத்பூருக்கே போகிறார்களாம். தெரு முழுக்க சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகையில் எழுதுகிற தன் ஊரை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும் என்றாள். மஞ்சுவிடம் கொடுத்தாள். “கரெக்டா எழுது” என்று கன்னடத்தில் மிரட்டிவிட்டுப் போனாள். மஞ்சு லீவு முடிந்து வந்த அன்றே முப்பத்தாறு எழுதி, வாழ்க்கையில் முதல்முறையாகப் பாஸ் ஆனான். சிம்லாவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதை நான் எழுதினேன்.

அடுத்த ஜூன், பள்ளி திறந்த முதல் வாரம், எனக்கு டிரங்கால் என்று தலைமையாசிரியை அறையிலிருந்து ஆள் வந்தது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடினேன்.

“மிஸ், நான் ஜெசிந்தா. இன்னிக்கு எங்க ஊரு நாப்பத்திமூணு மிஸ்.”

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

“நெஜமாத்தான் மிஸ். கொறைக்கல. வேணும்னா அம்மாகிட்ட கேளுங்க, பக்கத்துலதான் இருக்காங்க.”

அம்மா போனை வாங்குவதற்குள் லைன் போய்விட்டது. நான் வகுப்புக்கு வந்து, புதுப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, பலகை ஓரத்தில் நாற்பத்துமூன்று என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் போன் வந்துகொண்டிருந்தது. குசலம் எதுவும் விசாரிக்க மாட்டாள். எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். பிறகு அவர்கள் வேறு எங்கோ மாறிப் போனார்கள், நானும் பள்ளி மாறினேன். பிள்ளைகள் சேராமல் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். ஓடுகளை இறக்கிச் சுவர்களை இடித்து இப்போது அங்கே ஸ்கூட்டர்கள் நிறுத்துகிறார்கள். ஜெசிந்தாவுக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். தன் ஊரில் இன்று வெயில் எவ்வளவு என்பதை என்னிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஒருவரும் இப்போது எந்த ஊரிலும் இல்லை.