சோமசேகரனின் சொந்தப் படங்கள்

தருமபுரத்தில் எங்கள் தெருவில் சினிமாவைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். சோமசேகரன் காதில் விழுந்துவிட்டால் அன்றைய பொழுது போய்விடும் என்று பயம்.

அவர் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் யு.டி.சி. குமாஸ்தா. மேஜைக்கு வந்த கோப்பு எத்தனை நாள் அங்கேயே கிடந்தாலும் கவலைப்படமாட்டார். ஆனால் யாராவது அவருடைய ப்ளூரேவை ‘சிடி’ என்று சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே திருத்திவிடுவார். வீட்டுக் கூடத்தில் அவருக்கென்று ஒரு கண்ணாடி பீரோ. அதற்குள் வரிசை வரிசையாக ப்ளூரே டிஸ்க்குகள், நானூறுக்கு மேல் இருக்கும். ஜப்பான் படம், ஈரான் படம், இத்தாலிப் படம். பிரெஞ்சுப் படங்களுக்கு மட்டும் தனித் தட்டு. “காரைக்கால்காரன் பிரெஞ்சுப் படம் பாக்கலன்னா வேற யாரு பாக்குறது?” என்பார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘மெர்சி’யோடு முடிந்துவிடும்.

டிஸ்க்குகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஜவஹர் அலி. திருமலைராயன்பட்டினத்துக்காரர், துபாயில் வேலை, சோமசேகரனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். லீவுக்கு ஊர் வரும்போதெல்லாம், வீட்டுக்கு வாங்கிய சாமான்களைக் குறைத்துக்கொண்டு நண்பனின் டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார்.

வந்த டிஸ்க்குக்குச் சோமசேகரன் முதலில் செய்வது, டப்பாவோடு அதை ஒரு கண்ணாடிக் காகித உறையில் போடுவது. கடல்காற்று படக்கூடாதாம். பிறகு பீரோவில் அகர வரிசைப்படி நிற்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு உறையையும் துடைப்பார். துடைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும். அதற்குமேல் படம் பார்க்க ஏது நேரம்?

பக்கத்து வீட்டுக் கதிரவன் வேறு ரகம். அவனிடம் எல்லா ஓடிடியும் உண்டு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரிமோட்டோடு உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்து, கடைசியில் ஏதோ ஒரு டிரெய்லரில் தூங்கிப்போவான். சோமசேகரனுக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

“நீ பாக்குறது வாடகை வூடு கதிரு. ஓனர் நாளைக்கே காலி பண்ணுன்னா பண்ணிட்டுப் போவணும். என்னுது பட்டா நிலம்.”

“பட்டா நிலத்துல எதாவது வெளைஞ்சுதா சார்?” என்று கதிரவன் ஒருமுறை கேட்டான். அதன்பிறகு சோமசேகரன் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

சோமசேகரனின் மனைவி தாமரைச்செல்வி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக ஒரு படத்தைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டார். “எண்ணெய்க் கையோட தொடாத!” என்று கணவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. இன்னொரு முறை கல்யாண நாளுக்கு ஒரு படம் போடச் சொன்னார். இந்த டிவிக்கு அந்தப் படம் சரிப்படாது, பெரிய டிவி வாங்கின பிறகு பார்க்கலாம் என்றார் சோமசேகரன். பெரிய டிவி வந்தது. அப்போது ஸ்பீக்கர் சரியில்லை என்றார். அதற்குப் பிறகு தாமரைச்செல்வி கேட்கவில்லை. அடுக்களையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வெங்காயம் நறுக்கியபடியே சீரியல் பார்த்துக்கொண்டார்.

போன மார்கழிக் கடைசியில் காலம் தப்பி ஒரு புயல் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இரண்டே நாளில் வந்துவிட்டது. இன்டர்நெட் கேபிள் எங்கேயோ அறுந்துபோய், டவரும் படுத்துவிட்டது. தெருவே திக்பிரமை பிடித்துப்போய் உட்கார்ந்திருந்தது. கதிரவன் ஒரு தொடரின் கடைசி எபிசோடுக்கு முந்தினதில் நின்றுபோயிருந்தான். கொலைகாரன் யார் என்று தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சோமசேகரன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நேரம் அதுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம வூட்டுல படம். எல்லாரும் வந்துருங்க. நெட்டு கிட்டு எதுவும் தேவையில்ல.”

லீவில் வந்திருந்த ஜவஹர் அலிக்கும் ஆள் அனுப்பினார். தாமரைச்செல்வி மட்டும் இரண்டு நாளாக, “மழ ஈரமா இருக்குங்க, இன்னொரு நாள் வச்சுக்கலாமே” என்று சொல்லிப் பார்த்தார். டிஸ்க்குகளின் மேல் மனைவிக்கு இவ்வளவு அக்கறையா என்று சோமசேகரனுக்கே நெகிழ்ந்துவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் கூடம் நிறைந்தது. தாமரைச்செல்வி வாழைக்காய் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டார். சோமசேகரன் கையுறையை மாட்டினார். ப்ளூரேவின் தெளிவு, ஒலி, சொந்தமாக வைத்திருப்பதன் பெருமை என்று விரிவாகப் பேசினார். பஜ்ஜி தீர்ந்தும் பேச்சு தீரவில்லை. கடைசியில் பீரோவைத் திறந்து, ஜப்பான் படம் ஒன்றை எடுத்து, உறையை உருவி, டப்பாவைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

அசட்டுச் சிரிப்போடு அடுத்ததை எடுத்தார். அதுவும் காலி. இத்தாலி காலி. ஈரான் காலி. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையாலும் திறந்துகொண்டே போனார். பிரெஞ்சுத் தட்டும் காலி.

“திருடன் வந்துருக்கான்! டப்பாவ வுட்டுட்டு டிஸ்க்க மட்டும் எடுத்துருக்கான். வெவரமானவன்!”

“திருடன்லாம் இல்லங்க. நாந்தான் குடுத்தேன்” என்றார் தாமரைச்செல்வி.

“யாருக்கு?”

“நெரவில இருக்குற என் தம்பிக்கு. நெல்லு பால் புடிக்கிற நேரத்துல குருவி வந்து அள்ளிட்டுப் போவுதுன்னான். பளபளன்னு எதாவது கட்டித் தொங்கவுட்டா கிட்ட வராதாம். மொத வருசம் நாலஞ்சு குடுத்தேன். நீங்க கண்டுபுடிக்கல. அடுத்த வருசம் கொஞ்சம் சேத்துக் குடுத்தேன். அப்பயும் கண்டுபுடிக்கல. இந்த வருசம் அவன் பக்கத்து வயலையும் குத்தகைக்கு எடுத்துருக்கான்.”

ஜவஹர் அலி தலையில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லாஹ்! பொத்திப் பொத்தித் தூக்கிட்டு வந்தேனே. எங்க வூட்ல கேட்ட மிக்ஸிய வுட்டுட்டு இத தூக்கிட்டு வந்தேனே!”

“எடுத்துப் பாக்குறவங்களா இருந்தா மூணு வருசமா தெரியாம இருக்குமா?” என்றார் தாமரைச்செல்வி. குரலை உயர்த்தவே இல்லை. தெரு சத்தமில்லாமல் எழுந்து கலைந்தது. கதிரவன் மட்டும் வாசலில் போய் நின்று சிரித்தான்.

மறுநாள் காலை ஜவஹர் அலியின் காரில் நண்பர்கள் இருவரும் நெரவிக்குப் போனார்கள். வயல் வரப்பெல்லாம் குச்சி நட்டு, சணல் கட்டி, உலக சினிமா மொத்தமும் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தது. தாமரைச்செல்வியின் தம்பி சிவநாதன் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தான்.

“வாங்கத்தான்! ஒங்க சிடி பிரமாதமா வேல செய்யுது. ஒரு குருவி அண்டல. ஆனா மழைக்குத்தான் பயிரு பாதி சாஞ்சிருச்சு.”

‘சிடி’ என்றதைத் திருத்தச் சோமசேகரனுக்குத் தெம்பில்லை. செருப்போடு சேற்றில் இறங்கி, ஒரு டிஸ்க்கை அவிழ்த்து வேட்டியில் துடைத்தார்.

“இது என்ன கதைடா?” என்று வரப்பிலிருந்து ஜவஹர் அலி கேட்டார்.

சோமசேகரன் பெயரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

“சரி, இது?” அடுத்ததைக் காட்டினார் ஜவஹர் அலி. அதையும் திருப்பிப் பார்த்தார் சோமசேகரன். நாலாவது டிஸ்க்கில் ஜவஹர் அலி கேட்பதை நிறுத்திக்கொண்டார். “அந்தக் குருவிங்க பாத்த அளவுக்குக்கூட நீ பாக்கலடா” என்று மட்டும் சொன்னார்.

கண்ணுக்குக் கீறல் தெரியாத ஒரு பத்துப் பதினைந்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மற்றவை அறுப்பு வரைக்கும் இருக்கட்டும் என்று சிவநாதன் கெஞ்சினான். அவை அங்கேயே தொங்கின.

சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுவிப் போட்டுப் பார்த்தார். மற்ற எல்லாவற்றையும் பிளேயர் துப்பியது. ஒரு பிரெஞ்சுப் படம் மட்டும் ஓடியது. கலங்கரை விளக்கத்தில் தனியாகக் காவல் இருக்கும் ஒரு பெண், கரை ஒதுங்கிய ஒருவனை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறாள். அவனைத் தேடிப் போலீஸ் வருகிறது. தாமரைச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கணவனும் மனைவியும் அந்தக் கூடத்தில் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. போலீஸ்காரன் கதவைத் தட்டினான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். படம் கட்டம் கட்டமாகி நின்றது.

“அப்புறம் என்னங்க ஆச்சு?”

“தெரியல” என்றார் சோமசேகரன். அவர் வாயிலிருந்து சினிமாவைப் பற்றி இப்படி ஒரு சொல் வந்து தாமரைச்செல்வி கேட்டதே இல்லை.

இரண்டு நாளில் நெட் வந்தது. சோமசேகரன் வெட்கத்தை விட்டுக் கதிரவன் வீட்டுப் படி ஏறினார். கதிரவன் ஒவ்வொரு ஓடிடியாகத் தேடினான். ஒன்றில் படமே இல்லை. இன்னொன்றில் பெயர் இருந்தது, அமுக்கினால் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்றது. கதிரவனின் தொடரையும் இதற்குள் ஓடிடியிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில், முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த லீவில் ஜவஹர் அலி அந்தப் பிரெஞ்சுப் படத்தின் டிஸ்க் ஒன்றை மட்டும் வாங்கிவந்தார். மிக்ஸியும் வந்தது. டிஸ்க்கைத் தாமரைச்செல்வி கையில்தான் கொடுத்தார். பள்ளிக்கூடம் விடுமுறை, சோமசேகரன் ஆபீஸ் போயிருந்தார். தாமரைச்செல்வி அரிவாள்மனையில் உறையைக் கிழித்து, படத்தைப் போட்டு, முறுக்கு கடித்துக்கொண்டே முழுசும் பார்த்து முடித்தார்.

சாயங்காலம் சோமசேகரன் வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். “கதவத் தொறந்தாளா?”

“தொறந்தா. அப்புறம் ஒண்ணுமில்ல, சப்புன்னு முடிஞ்சிருச்சு” என்றார் தாமரைச்செல்வி. “காபி போடவா?”