மாதையன் என்று அடித்தால்

அம்பிகா சித்தேரி மலைக்காரி. அரூரில், மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஆபீசில், சாமை, தேன், புளி கேட்டு வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் பதில் போடுகிற வேலை. ஒரே பதிலை அடித்து அடித்து விரல் நொந்துபோய், ஷார்ட்கட் வைக்கக் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் ஆள் பேர். 'குள்ளம்மாள்' என்று அடித்தால், "மலையில மழைங்க, பஸ் வரல, சரக்கு நாளைக்கு வரும்" என்று முழுசாக விரியும். ஓயாமல் சரக்கு எங்கே என்று கேட்பது அந்தம்மாதான். 'மாதையன்' என்றால், "விலையைக் குறைக்க வழியில்லைங்க." மாதையன் பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்கியதில்லை.

பிரசவ லீவு நெருங்கியது. அவள் இடத்துக்கு மொரப்பூரிலிருந்து தேவிப்பிரியா வந்தாள்.

"ஷார்ட்கட்டை எல்லாம் பேக்கப் எடுத்து அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்திடும்மா" என்றார் மேனேஜர் சந்திரமோகன்.

வீட்டில் கணவன் சத்யராஜ் கேட்டான்: "அதையும் தூக்கிக் குடுத்துட்டா, உன்னை எதுக்குத் திரும்பக் கூப்புடுவாங்க?"

அவளுக்கும் அதே பயம். பேக்கப் எடுத்த பென்டிரைவ் கைப்பையிலேயே கிடந்தது. ஆனால் பக்கத்தில் தேவிப்பிரியா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதையும், அதற்குள் போனில் யாரோ திட்டுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. எழுந்துபோய் ஏற்றிக் கொடுத்தாள்.

லீவில் மலைக்குப் போன மறு வாரம் போன் வந்தது.

"அக்கா, மானத்தை வாங்கிட்டீங்க! பில்லுல மாதையன்னு பேரு அடிச்சேன். பேரு இருக்கவேண்டிய எடத்துல 'விலையைக் குறைக்க வழியில்லைங்க'ன்னு வந்திருக்கு. பாக்காம பிரிண்ட் போட்டுக் குடுத்துட்டேன்."

"ஐயோ! நான் பில்லுல பேரை இனிஷியலோட ஒட்டி அடிப்பேன், அதனால விரியாது. சொல்ல மறந்துட்டேன் தேவி. அவரு கத்தினாரா?"

"'ஏம்மா, எங்கப்பன் எனக்கு வெச்ச பேரு இதுவா'ன்னு கேட்டாரு. ஆனா பேரமே பேசலக்கா. சிரிச்சிக்கிட்டே சொன்ன வெலையைக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

அம்பிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஷார்ட்கட்டுல ஒவ்வொரு பேருக்கு முன்னாலயும் ஒரு புள்ளி வெச்சுடு. புள்ளியோட அடிச்சாத்தான் விரியும்."

சாயங்காலம் தேவிப்பிரியா கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். எல்லாப் பேருக்கும் புள்ளி. கடைசியில் அம்பிகா வைக்காத ஒன்று: '.அம்பிகா'. அதற்கு நேராக, "அக்கா பிரசவத்துக்குப் போயிருக்காங்க. கட்டாயம் திரும்பி வந்துருவாங்க."

கீழே எழுதியிருந்தாள்: "வர்றவங்க எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க. எத்தனை தடவை அடிக்கறது?"

போனை வாங்கிப் படித்த சத்யராஜ் தலையைச் சொறிந்தான்.

"அப்போ புள்ளையை யாரு பாத்துக்கறது?"

"நீங்கதான்."