நடவுப் பாட்டில் ஒரு வரி

நானே பாட்டெழுதி, பியானோ வாசித்துப் பாடுகிறவள். என் பாடல்களில் கொஞ்சம் பேருக்காவது தெரிந்தது நடவுப் பாட்டுதான்.

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பெருநகர் கிராமத்தில் நடவு முடித்து ஏறிய அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாட்டும்மா அது? நல்லா கீது."

பெருமையாக முழுதும் பாடினேன். பெண்கள் பாடிக்கொண்டே நாற்று நடும் வரி வந்ததும் சிரித்துவிட்டார்.

"இடுப்பு ஒடியசொல்ல எவ பாடுவா? போன்ல சினிமா பாட்டு போட்டுக்கினுதான் நடுவோம்."

இறங்குவதற்குள் அந்த வரியை அடித்துவிட்டேன். நாளை சென்னை மேடையில் அந்த இடத்தில் பியானோ மட்டும்தான்.

மூன்று வருடமாக அந்தப் பாட்டின் கீழே "உயிரோட்டம்" என்று கமெண்ட் போடுகிறீர்களே, உங்களில் ஒருவர்கூடவா நாற்று நட்டதில்லை?