ஜும்மாவுக்கு முன் கிளம்பிய செய்தி

1. நிலையில் நின்ற தேர்

நான் நிருபரான முதல் வாரத்திலேயே, நடக்காத தேரோட்டத்தைப் பற்றிச் செய்தி எழுதக் கற்றுக்கொண்டேன். காஞ்சிபுரத்துச் செய்தி மறுநாள் பேப்பரில் வரவேண்டுமானால், கவர் பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் சென்னைக்குப் போயாக வேண்டும். கண்டக்டரிடம் கொடுத்தால் பாரிமுனையில் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். ஆகவே தேர் நிலையில் நிற்கும்போதே, ‘பக்தர் வெள்ளத்தில் தேர் அசைந்தாடி வந்தது’ என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஒரு வருடம் அச்சு முறிந்து தேர் நகரவே இல்லை. பேப்பரில் மட்டும் நான்கு வீதியும் சுற்றி வந்தது. யாரும் கோபிக்கவில்லை. சுவாமியும் மறுப்பு அனுப்பவில்லை.

2. டிரங்க் கால்

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கோ ஒரு தேசத்தில் சிலர் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி விமானத்தைக் கடத்திப் பயணிகளைக் கொன்றார்கள். வியாழன் மாலை செய்தி ஆசிரியர் சென்னையிலிருந்து டிரங்க் கால் போட்டார்.

“யோவ், உங்க ஊர் முஸ்லிம் மதத் தலைவர் இதைக் கண்டிச்சாரா இல்லையான்னு கேட்டு அனுப்பு.”

வெள்ளி காலை பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே தொழுகை நடத்திவைத்த பெரியவரை ஊரே ஹஸ்ரத் என்று கூப்பிடும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொழ வருபவர்கள் கைகால் கழுவும் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“விமானம் கடத்தினவங்களக் கண்டிக்கிறீங்களா ஹஸ்ரத்?” என்றேன்.

“போன மாசம் உங்க கோயில்ல வடகலை தென்கலைன்னு மண்டைய ஒடச்சிக்கினாங்களே, நீங்க கண்டிச்சீங்களா தம்பி?”

“நான் எதுக்குக் கண்டிக்கணும்? நானா அடிச்சேன்?”

“நான் மட்டும் ஏரோப்ளேனா ஓட்டினேன்?” என்று சிரித்தார். பிறகு தேங்காய் நாரைக் கீழே வைத்தார். “ஆனாலும் பேசணும் தம்பி. பேசத்தான் போறேன். மொதல்ல எங்க ஜனங்க கேக்கட்டும், அப்பறம் பேப்பரு. மத்தியானம் ஜும்மாவுக்கு வந்து வாசல்ல நின்னாலே போதும், காதுல விழும்.”

“பஸ்ஸு பன்னண்டுக்கு ஹஸ்ரத்.”

“தொழுகைய பஸ் டைம் பாத்தா வெப்பாங்க?”

‘கண்டிக்கப் போகிறார்’ என்று நான் எழுதியிருக்கலாம். தேரை ஓட்டிய கைக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் அதில் காரம் இல்லை. ‘காஞ்சிபுரம் மதத் தலைவர் இதுவரை வாய் திறக்கவில்லை’ என்று எழுதினேன். அந்த ‘இதுவரை’யில் என் மனசாட்சியைப் பத்திரமாக வைத்திருந்தேன். டெஸ்கில் அந்த வார்த்தையை வெட்டிவிட்டார்கள்.

3. இரண்டு பக்கமும்

ஜும்மாவுக்கு நான் போகவில்லை. சாப்பிட்டுத் தூங்கினேன். அங்கே ஹஸ்ரத், அப்பாவிகளைக் கொன்றவன் எத்தனை தொழுதாலும் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்று பேசினாராம். எங்கோ நடந்ததற்கு இங்கே என்ன பேச்சு என்று பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் பெரிய கைகள் இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம்.

சனிக்கிழமை பேப்பரில் ‘மதத் தலைவர் மௌனம்’ என்று கொட்டை எழுத்தில் வந்தது. டீக்கடையில் அவரைப் பார்த்து ஒருவன், “இன்னா ஹஸ்ரத், வாய்ல பீடாவா?” என்று கேட்டான். பேப்பரோடு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“பேசினேன்னு உள்ள இருக்கறவங்க மொறைக்கிறாங்க. பேசலன்னு வெளிய இருக்கறவங்க துப்பறாங்க. ரெண்டுல ஒண்ணையாவது நிறுத்து தம்பி. என் பொழப்பு போயிடும்.”

ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“கண்டிச்சாருன்னா அது என்னய்யா நியூஸு? கண்டிக்கலன்னாத்தான் நியூஸு. திருத்தம் போட்டா எந்த நிருபர் எழுதினான்னு மேல கேப்பாங்க. போடவா?”

ஹஸ்ரத் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வேணாம் சார்” என்றேன்.

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

4. ஆறாம் பக்கம்

அவர் பேச்சால் சங்கடம் என்ற கட்சியும், மௌனத்தால் ஊருக்குக் கெட்ட பெயர் என்ற கட்சியும் ஜமாஅத்தில் ஒன்று சேர்ந்தன. இரண்டே மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்குப் போனார்.

சில வருடம் கழித்து அதேபோல் இன்னொரு கொலை, அதே டிரங்க் கால். இந்த முறை வெள்ளிக்கிழமை வாலாஜாபாத் போய் வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவுமில்லை, சுருக்கவுமில்லை. அன்று சொன்னதையே, இன்னும் கடுமையாகச் சொன்னார். வார்த்தை மாறாமல் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில், மூலவியாதி விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது. பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

இன்றைய இளம் நிருபர்கள், ‘அவங்க யாரும் கண்டிக்கறதே இல்லையே சார்’ என்று என்னிடம் சொல்கிறார்கள். கண்டித்த ஒருவரை எனக்குத் தெரியும். அதற்கு அவர் கொடுத்த விலையும் தெரியும். நான் ஓய்வு பெற்ற அன்று பத்திரிகை எனக்குச் சால்வை போர்த்தியது. நேர்மையான நிருபர் என்று பேசினார்கள். அதை நான் மறுக்கவில்லை.